பூச்சி மாத்திரை புற்றுநோயைக் குணப்படுத்துமா? சான்றுகளை எடைபோடும் விதம்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த சில வாரங்களிலேயே உறவினர் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்துவிடுகிறது. நாய்க்குக் கொடுக்கிற பூச்சி மருந்துதானாம், மூன்றே மாதத்தில் கட்டி கரைந்துவிட்டதாம், மருந்து கம்பெனிகள் இதை மறைக்கிறார்களாம். ஃபென்பெண்டசோல், மெபெண்டசோல், ஐவர்மெக்டின் என்று பெயர்தான் மாறும். 2025 ஜனவரியில் ஹாலிவுட் நடிகர் மெல் கிப்சன், ஜோ ரோகனின் பாட்காஸ்டில், நான்காம் கட்டப் புற்றுநோய் வந்த தன் நண்பர்கள் மூன்று பேர் இந்த மருந்துகளை எடுத்துத் தேறிவிட்டார்கள் என்று சொன்னதும் பேச்சு இன்னும் சூடுபிடித்தது. சென்னையில் புற்றுநோய் ஓ.பி. வாசலில் சிறிது நேரம் உட்கார்ந்தாலே இந்தக் கேள்வி காதில் விழும்.

கேட்பவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதே கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். எலியில் பார்த்தார்கள், பிறகு நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். முக்கியமான பதில் ஒன்று மும்பையிலுள்ள டாடா நினைவு மருத்துவமனையிலிருந்தே வந்திருக்கிறது. செய்தியைப் பரப்புகிறவர்கள் இந்தப் பதில்களைச் சொல்வதில்லை. மறுக்கிற பலரும் "எல்லாம் பொய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நோயாளியின் குடும்பத்துக்கு இரண்டுமே உதவாது.

யோசனை எங்கிருந்து வந்தது

ஒரு நோய்க்காக அனுமதி பெற்ற மருந்தை வேறொரு நோய்க்குப் பயன்படுத்திப் பார்ப்பதற்கு மருந்து மறுபயன்பாடு என்று பெயர். புதிய மூலக்கூறு ஒன்றைக் கண்டுபிடித்து நோயாளி வரை கொண்டுவரப் பெரும்பாலும் பத்து வருடங்களுக்கு மேல் ஆகும். பழைய மருந்தென்றால் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது முன்பே தெரியும், விலையும் குறைவு. புற்றுநோயில் இது பலித்தும் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறக்கக் காரணமாக இருந்த தாலிடோமைட், 1999இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தானது.

நம்மூர் வாசல்களில் தொட்டியில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியும் இந்த வரிசைதான். 1950களில் கனடாவில் அதன் இலைச்சாறு சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ஆனால் எலிகளின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்தத் துப்பைப் பிடித்துப் போனதில் கிடைத்தது வின்பிளாஸ்டின். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் நீங்காத இடம் பிடித்திருக்கிறது. (இலையை அரைத்துக் குடிக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். டன் கணக்கான இலையிலிருந்து கிராம் கணக்கில்தான் மருந்து பிரிகிறது. ஊசியில் ஒரு தடவைக்கு 2 மி.கி. தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். கூடினால் நரம்பைத் தாக்கும்.)

வின்கிறிஸ்டின் பிடிப்பது டியூபுலின் என்ற புரதத்தை. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்குழல்கள் இந்தப் புரதத்தால் ஆனவை. குழல் கட்டப்படாவிட்டால் செல் பிரிய முடியாமல் சாகும். மெபெண்டசோல், அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் மூன்றும் இதே புரதத்தில் வேறொரு இடத்தைப் பிடிக்கின்றன. புழுவின் குடல் செல்களில் நுண்குழல் குலைந்ததும் அது குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் பட்டினியில் சாகிறது.

அப்படியானால் மாத்திரை சாப்பிடும் நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? இரண்டு காரணங்கள். புழுவின் டியூபுலினை அது பற்றுகிற அளவுக்கு மனித டியூபுலினைப் பற்றுவதில்லை. அதோடு, மாத்திரையின் பெரும்பகுதி குடலிலேயே தங்கி மலத்தோடு வெளியேறிவிடுகிறது. ரத்தத்துக்குள் போவது சொற்பம். குடற்புழுவுக்கு இது வசதி. நுரையீரலிலோ மூளையிலோ இருக்கும் கட்டிக்கு இதுவே தடை. இந்த மாத்திரைகள் நமக்குப் பாதுகாப்பாக இருப்பதற்கும் புற்றுநோயில் தடுமாறுவதற்கும் காரணம் ஒன்றேதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சோதனை முடிவுகள் பெரும்பாலும் விளங்கிவிடும்.

மெபெண்டசோல் ஆய்வு தொடங்கியது ஒரு தற்செயலில். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மூளைக்கட்டி ஆய்வுக்காக எலிகளுக்குள் கட்டிச் செல்களைப் பதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தொகுதி எலிகளில் கட்டி பிடிக்கவே இல்லை. விசாரித்தபோது, கீரிப்பூச்சித் தொற்றுக்காக அந்த எலிகளுக்கு ஃபென்பெண்டசோல் கொடுத்திருந்தது தெரிந்தது. மனிதருக்கு அனுமதியுள்ள அதே குடும்பத்து மருந்தான மெபெண்டசோலை எடுத்துச் சோதித்து, எலிகள் கூடுதல் நாள் உயிர்வாழ்ந்ததை 2011இல் வெளியிட்டார்கள். அசல் அறிவியல்தான் இது. வாட்ஸ்அப் செய்தி இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ஆய்வு நிற்கவில்லை.

தட்டில் செத்த செல்லும் ரத்தத்தில் கிடைக்கும் அளவும்

"ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களைக் கொன்றது" என்று படித்ததும் கேட்க வேண்டியது, எந்த அளவில் என்பதைத்தான். கண்ணாடித் தட்டில் வளரும் செல்லைப் பிளீச்சிங் பவுடர் கரைசலும் கொல்லும். அதே அளவு மருந்து மனித ரத்தத்தில் கிடைக்குமா என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஐவர்மெக்டினை எடுத்துக்கொள்வோம். ஒட்டுண்ணிக்கு வழக்கமான அளவு எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மி.கி. அதை விழுங்கினால் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 40 முதல் 50 நானோகிராம் வரை உச்சம் தொடும். புற்றுநோய் செல்களை வைத்துச் செய்த ஆய்வுகள் பலவற்றில் பயன்பட்டது 5 மைக்ரோமோலார் (கரைசலில் மருந்தின் செறிவைச் சொல்லும் அலகு) அல்லது அதற்கு மேல். ஐவர்மெக்டினின் மூலக்கூறு எடை 875. 5ஐ 875ஆல் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு 4,375 நானோகிராம். மாத்திரை தருவதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு.

"அப்படியானால் கூடுதலாகச் சாப்பிட்டால் போகிறது" என்று தோன்றும். ஆரோக்கியமானவர்களுக்கு 120 மி.கி. வரை, அதாவது பத்து மாத்திரை அளவு, கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. அப்போதும் உச்சம் 250 நானோகிராம் பக்கத்தில்தான் நின்றது. ஆய்வகத்தின் அளவு அதைப்போல 17 மடங்கு. அந்த 250இலும் 90 சதவீதத்துக்கு மேல் ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். செல்லுக்குள் போகத் தயாராக இருப்பது மிச்சம் மட்டுமே. இதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் மூளையைக் காக்கும் தடுப்பைத் தாண்டிக் குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு என்று போகும்.

மெபெண்டசோலின் கணக்கு இவ்வளவு மோசமில்லை. ஆய்வகத்தில் சில மூளைக்கட்டிச் செல்களுக்கு 0.1 முதல் 0.3 மைக்ரோமோலார் போதுமானதாக இருந்தது. மூலக்கூறு எடை 295 என்பதால் இது மில்லிலிட்டருக்கு 30 முதல் 90 நானோகிராம். பூச்சிக்குத் தரும் 100 மி.கி. இருவேளை அளவில் ரத்தத்தில் கிடைப்பது 30ஐத் தாண்டுவதில்லை. எட்டிப்பிடிக்கும் தூரம்தான், மாத்திரையைப் பல மடங்கு கூட்டினால். ஆகவேதான் மெபெண்டசோலை நோயாளிகள் வரை கொண்டுபோனார்கள்.

நோயாளிகளிடம் சோதித்தபோது

மனிதச் சோதனை படிப்படியாகப் போகும். முதல் கட்டத்தில் சில பத்துப் பேருக்குக் கொடுத்து, எவ்வளவு தாங்குகிறது என்று மட்டும் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் பலன் தெரிகிறதா என்று, முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு இலக்கை வைத்து அளப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, இப்போதைய சிகிச்சையோடு நேருக்கு நேர் ஒப்பிடுவார்கள். தனி நோயாளி ஒருவரைப் பற்றிய அறிக்கை இந்த மூன்றுக்கும் முந்தியது. அது ஒரு துப்பு மட்டுமே.

துப்பு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஸ்வீடனில் நடந்ததைப் பார்க்கலாம். 2014இல் உப்சாலா மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 74 வயது, பெருங்குடல் புற்றுநோய் பரவிய நிலை, மற்ற மருந்துகள் பலிக்காத கட்டம். மெபெண்டசோல் 100 மி.கி. இருவேளை கொடுத்ததில் நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருந்த கட்டிகள் ஏறக்குறைய மறைந்தன. ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் ஏறியதால் மருந்தை இடையில் நிறுத்த வேண்டியிருந்தது. இன்றும் பகிரப்படும் கதை இது.

பகிரப்படாதது அடுத்த அத்தியாயம். உப்சாலாவிலேயே முறையான சோதனை நடத்தி 2021இல் வெளியிட்டார்கள். பரவிய குடல் சார்ந்த புற்றுநோய் கொண்ட 11 பேர். ரத்தத்தில் 300 நானோகிராம் எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்து, ஒவ்வொருவரின் ரத்த அளவையும் பார்த்து மருந்தைக் கூட்டி, நாளுக்கு 4 கிராம் வரை போனார்கள். 100 மி.கி. மாத்திரையில் அது நாற்பது. கணக்கில் எடுத்த 10 பேரில் 5 பேருக்குத்தான் இலக்கு அளவு எட்டியது. இருவர் முதல் ஸ்கேனுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். மீதி 8 பேருக்கும் எட்டு வாரத்தில் எடுத்த சி.டி. ஸ்கேனில் நோய் வளர்ந்திருந்தது. ஒருவருக்குக்கூடக் கட்டி சுருங்கவில்லை. துப்பு கொடுத்த மருத்துவமனையே அதைச் சோதித்து, பலிக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதியது என்பதைக் கவனியுங்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவின் முதல் கட்டச் சோதனையும் 2021இல் வெளிவந்தது. தீவிர வகை மூளைக்கட்டி கொண்ட 24 பேருக்கு டெமோசோலமைடு என்ற வழக்கமான மாத்திரையோடு மெபெண்டசோல். நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மி.கி. வரை ஏற்றியபோது 4 பேருக்கு ஈரல் நொதிகள் எகிறின. உயிர்வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு 21 மாதம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேல் உயிரோடு இருந்தார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணைவிட இது கொஞ்சம் கூடுதல் என்பதால் இதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் ஒப்பிட மறுபக்கக் குழு கிடையாது. கதிர்வீச்சை முடித்துவிட்டு அடுத்த சிகிச்சைக்குப் போகும் தெம்பில் இருந்தவர்களே இதில் சேர்ந்தார்கள். இடையில் தளர்ந்துபோனவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அப்படி வடிகட்டிய கூட்டத்தில் மருந்தே கொடுக்காவிட்டாலும் எண் கூடுதலாகத்தான் தெரியும்.

டாடாவின் சோதனை இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. 2022இல் வெளியான அதில், திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமா என்ற தீவிர மூளைக்கட்டி உள்ள 88 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு டெமோசோலமைடோடு மெபெண்டசோல் 1,600 மி.கி. மூன்று வேளை, இன்னொரு பாதிக்கு லோமஸ்டின் என்ற கீமோ மருந்தோடு 800 மி.கி. மூன்று வேளை. முதல் குழுவின் நாள் அளவு 4,800 மி.கி., அதாவது 48 மாத்திரை. ஒன்பதாவது மாதத்தில் 55 சதவீதம் பேராவது உயிரோடு இருந்தால்தான் இதை மேலே கொண்டுபோவோம் என்று தொடங்கும் முன்பே எழுதிவைத்திருந்தார்கள். கிடைத்தது முதல் குழுவில் 36.6, இரண்டாவதில் 45. அத்தோடு நிறுத்தினார்கள். நம் நாட்டு நோயாளிகள், அரசு நிதியில் நடக்கும் மருத்துவமனை, காப்புரிமை முடிந்த மலிவான மருந்து. மறைப்பதால் லாபம் பார்க்க இங்கே ஆளே இல்லை.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாடாப்புழு மருந்தான நிக்லோசமைடை அமெரிக்காவில் முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சோதித்தார்கள். 1,000 மி.கி. மூன்று வேளை என்பதைக் குடல் தாங்கவில்லை. தாங்கிய 500 மி.கி. அளவில் ரத்தத்தில் தேவையான செறிவு நிலையாக எட்டவில்லை. 5 பேரோடு சோதனையை மூடி 2018இல் எழுதினார்கள். ஐவர்மெக்டினுக்கு எலியில் நல்ல துப்பு உண்டு: நோயெதிர்ப்புச் செல்கள் எட்டிப் பார்க்காத மார்பகக் கட்டிக்குள் அவற்றை வரவழைத்து, இம்யூனோதெரபிக்கு (உடம்பின் நோயெதிர்ப்பையே கட்டிக்கு எதிராகத் திருப்பும் சிகிச்சை) துணை நின்றது. அதைப் பின்தொடர்ந்து, மூன்று ஏற்பியும் இல்லாத (டிரிபிள் நெகட்டிவ்) வகை மார்பகப் புற்றுநோய் பரவிய பெண்களிடம் பால்ஸ்டிலிமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியோடு சேர்த்துச் சோதிக்கிறார்கள். 2025இல் வெளியான ஆரம்ப முடிவில், மதிப்பிட முடிந்த 8 பேரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது, ஒருவருக்கு அப்படியே நின்றது, 6 பேருக்கு வளர்ந்தது. சுருங்கிய அந்த ஒருவருக்குக்கூட ஊசி மட்டுமே காரணமாக இருந்திருக்கலாம்.

நம்பிக்கை மிச்சமிருப்பது மலேரியா மருந்தான ஆர்ட்டிசுனேட்டில். லண்டனில் பெருங்குடல் புற்றுநோய் அறுவைக்கு முன் 14 நாள், நாளுக்கு 200 மி.கி. கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்கு வெற்று மாத்திரை. 2015இல் வெளியானபோது மருந்துக் குழுவில் ஒருவருக்கும் வெற்று மாத்திரைக் குழுவில் 6 பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. மொத்தமே இருபது சொச்சம் பேர் என்பதால் தற்செயலை ஒதுக்க முடியாது. பெரிய சோதனைகளைத் திட்டமிட்டதும் அதனால்தான்.

ஒரு பூச்சி மருந்து உள்ளே வந்து வெளியே போன கதை

பூச்சி மருந்தைப் புற்றுநோய்க்கு யாரும் ஏற்கமாட்டார்கள் என்பவர்களுக்கு லெவாமிசோலைத் தெரிந்திருக்காது. உருளைப்புழுவுக்குத் தரப்பட்ட மருந்து அது. நோயெதிர்ப்பைத் தூண்டும் என்ற எண்ணத்தில் பெருங்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் 5-ஃப்ளுரோயுராசில் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நிணநீர்க் கணு வரை பரவியிருந்தவர்களில், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களைவிட இந்தக் கூட்டுமருந்து பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து 41 சதவீதமும் இறக்கும் ஆபத்து 33 சதவீதமும் குறைந்தது. அதே வருடம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. பல வருடங்கள் அதுவே முறையான சிகிச்சையாக இருந்தது.

பலன் இரண்டு மருந்தில் எதனால் வந்தது என்ற கேள்வி பாக்கி இருந்தது. பிரிட்டனில் நடந்த குவாசர் சோதனை 4,927 நோயாளிகளைக் கொண்டு அதைப் பிரித்துப் பார்த்தது. எல்லோருக்கும் ஃப்ளுரோயுராசில், ஒரு பாதிக்கு லெவாமிசோல், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. 2000இல் வந்த முடிவின்படி மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் லெவாமிசோல் குழுவில் 69.4 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 71.5. பூச்சி மருந்து எதையும் கூட்டவில்லை. சிலருக்கு வெள்ளையணுக்களை ஒரேயடியாகச் சரித்துவிடும் பக்கவிளைவும் அதற்கு இருந்தது. கைவிட்டார்கள். சான்று வந்தபோது ஏற்றார்கள், சான்று மாறியபோது விட்டார்கள். மருந்தின் விலையோ பிறப்போ அதில் குறுக்கே நிற்கவில்லை.

மலிவான மருந்தை மறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இன்னும் நேரடியான பதிலும் இருக்கிறது. பல் பிடுங்கும்போது மரக்கப் போடும் லிடோகெய்ன் ஊசியை, மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள் டாடா மருத்துவர்கள். 1,600 பெண்கள், குலுக்கல் முறை. 2023இல் வெளியான முடிவில் ஐந்தாம் வருடம் உயிரோடு இருந்தவர்கள் 86.4இலிருந்து 90.1 சதவீதமாகக் கூடினார்கள். அதை யாரும் மறைக்கவில்லை. புற்றுநோய் மருத்துவத்தின் முன்னணி இதழ் ஒன்றே வெளியிட்டது. பூச்சி மாத்திரையும் இப்படியொரு முடிவைக் காட்டினால் அடுத்த மாதமே ஓ.பி. சீட்டில் எழுதப்படும். எழுதப்பட வேண்டும் என்றே விரும்புகிறோம். நம் நோயாளிகளுக்கு மலிவு மருந்து அவ்வளவு தேவை.

தேறியவர்களின் கதையில் விடுபடுவது

ஃபென்பெண்டசோலுக்கு மனிதப் பயன்பாட்டுக்கான அனுமதியே கிடையாது, கால்நடை மருந்து. அதைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த, நுரையீரல் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவரின் கதை. அதே நாட்களில் அவர் பெம்ப்ரோலிசுமாப் இம்யூனோதெரபி சோதனையிலும் இருந்தார் என்பது பகிரும்போது உதிர்ந்துவிடுகிறது. அந்த ஊசி சிறுபான்மை நோயாளிகளுக்குப் பல வருடம் நீடிக்கும் பலன் தருவது தெரிந்த விஷயம். 2019இல் இந்தக் கதை தென்கொரியாவுக்குப் போய், நாய் மருந்துக்கே தட்டுப்பாடு வரும் நிலைக்குப் போனது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைச்சகம் எச்சரிக்கை விட நேர்ந்தது.

எந்தக் கதை வந்தாலும் இவற்றைக் கேளுங்கள். பயாப்ஸி செய்து உறுதிப்படுத்தினார்களா? கூடவே கீமோ, கதிர்வீச்சு, இம்யூனோதெரபி, ஹார்மோன் மாத்திரை ஏதாவது நடந்ததா, அல்லது சமீபத்தில் முடிந்திருந்ததா? கட்டி குறைந்ததை ஸ்கேன் காட்டியதா, பசியும் தெம்பும் கூடியதை வைத்துச் சொல்கிறார்களா? அதே மாத்திரையை எடுத்தும் இறந்தவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்குப் பதிலே இருக்காது. இறந்தவர்கள் வீடியோ போடுவதில்லை.

எங்கே கெடுக்கிறது

பூச்சிக்காக ஒரே ஒரு அல்பெண்டசோல் 400 மி.கி. போடுவது பாதுகாப்பானதுதான், குடற்புழு நீக்க நாளில் பள்ளிக் குழந்தைகளுக்கே தருகிறோம். மாதக்கணக்கில் தினமும் எடுப்பது முற்றிலும் வேறு. நீர்க்கட்டிப் புழுவுக்கோ மூளையில் நாடாப்புழுக் கட்டிக்கோ அல்பெண்டசோலை நீண்ட நாள் தரும்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களையும் ஈரல் நொதிகளையும் பார்க்கச் சொல்கிறது அதன் மருந்துக் குறிப்பு. இரண்டையும் ஏற்கெனவே கீமோ தட்டிக்கொண்டிருக்கும் உடம்பு இது என்பதுதான் சிக்கல்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. மூளைக்கட்டிக்கும் கீமோ வாந்திக்கும் தரும் டெக்ஸாமெத்தசோன், அல்பெண்டசோலின் செயல்படு பொருளை ரத்தத்தில் பாதிக்கு மேல் கூட்டிவிடும். வலிப்புக்கான ஃபெனிட்டாய்னும் கார்பமசெபினும் மெபெண்டசோலைக் குறைத்துவிடும். வயிற்றுப்போக்குக்குக் கடையில் சுலபமாகக் கிடைக்கும் மெட்ரோனிடசோலோடு மெபெண்டசோலைச் சேர்த்தபோது தோல் உரியும் கடுமையான ஒவ்வாமை பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஐவர்மெக்டின் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசிமருந்து பொதுவாக 1 சதவீதக் கரைசல், அதாவது ஒரு மில்லிலிட்டரில் 10 மி.கி. 60 கிலோ மனிதருக்கான முழு அளவு அதில் 1.2 மில்லிலிட்டர் மட்டுமே. தேக்கரண்டியால் அளப்பவர் நான்கு மடங்குக்கு மேல் குடித்துவிடுவார்.

இன்னொரு ஆபத்து அமைதியாக வருகிறது. ஜப்பானில் 80 வயதுப் பெண்மணி ஒருவர் பெம்ப்ரோலிசுமாப் எடுத்துக்கொண்டிருந்தபோது சொல்லாமல் ஃபென்பெண்டசோலும் எடுத்தார். ஒரு மாதத்தில் ஈரல் பாதிப்பு, நிறுத்தியதும் சரியானது. இப்படி மறைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி எகிறியதைப் பார்க்கும் மருத்துவர் இம்யூனோதெரபியால் வந்த ஈரல் அழற்சி என்று எடுத்துக்கொள்வார். ஊசியை நிறுத்துவார், ஸ்டீராய்டை ஏற்றுவார். பலன் தந்துகொண்டிருந்த மருந்து, பலனில்லாத மாத்திரையால் கைநழுவிப் போகும்.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். புற்றுநோயாளிக்கு மருத்துவரே ஐவர்மெக்டின் எழுதுவதுண்டு. ஸ்டீராய்டு எடுக்கும்போது குடலில் பதுங்கியிருக்கும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு பெருகி உயிருக்கே உலை வைக்கும். அதைத் தடுக்க, அல்லது சொறி சிரங்குக்கு. புழுவுக்கான வைத்தியம் அது. அதேபோல், சில நாடுகளில் ஈரல் தட்டைப்புழு பித்தநாளப் புற்றுநோயை உண்டாக்குகிறது. அங்கே புழுவை ஒழிப்பது புற்றுநோய் வராமல் தடுக்கும். வந்த கட்டியைக் கரைக்காது.

சோதனையில் சேர விரும்பினால், ஏற்கெனவே தொடங்கியிருந்தால்

இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகள் 2009 முதல் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். அதன் இணையதளம் இலவசம். மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால் எந்த நோய்க்கு, எந்தக் கட்டம், எந்த மருத்துவமனை, நெறிமுறைக் குழு அனுமதி உண்டா, ஆள் சேர்க்கிறார்களா என்பதெல்லாம் தெரியும். எவராவது "எங்களிடம் ஆராய்ச்சிச் சிகிச்சை" என்று சொன்னால் பதிவெண்ணைக் கேளுங்கள். சோதிக்கப்படும் மருந்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவது உங்கள் உரிமை. சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு தர 2019ஆம் வருட விதிகளில் வழி இருக்கிறது.

பணமில்லாததால்தான் மாத்திரைப் பக்கம் மனம் போகிறது என்றால், முதலில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ராயப்பேட்டை, ஸ்டான்லி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகிய ஏதாவது ஒன்றில் கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு அழைக்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த ஓ.பி.க்குக் காலி அட்டைகளோடு போங்கள். பெயர், எத்தனை மி.கி., நாளுக்கு எத்தனை, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்; திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம். அடுத்த கீமோவுக்கு முன் ரத்த அணுப் பரிசோதனையும் ஈரல் பரிசோதனையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, உடம்பு அரித்தாலோ மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டு விடியும்வரை பார்க்காதீர்கள். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய், கீமோ நடக்கிறது என்பதையும் பூச்சி மாத்திரை எடுத்ததையும் முதலிலேயே சொல்லுங்கள்.